செக்ரோலுக்கு (தோட்டத் தொழிலாளரின் நாள்வேலைப் பதிவேட்டுக்கு) வெளியே இருப்பவர்களுக்கு யார் பொறுப்பு? கொவிட்டுக்குப் பிறகு நலன்புரி அரசு

நலன்புரி அரசு என்றதும் இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்தில் பலருக்கு முதலில் நினைவு வருவது அரசாங்கம் கொடுக்கும் அஸ்வெசும நிவாரணக் காசுதான். 2023 நடுப்பகுதியில் பட்டியல் வந்த நாளிலிருந்து ஹட்டன், தலவாக்கலை, பதுளை, அப்புத்தளை என்று எந்தப் பக்கம் போனாலும் "உங்களுக்கு விழுந்துச்சா?" என்பதுதான் பேச்சு. அது நலன்புரி அரசின் ஒரு பகுதி மட்டும். அரசாங்க வைத்தியசாலையில் துண்டெடுத்து, காசு கொடுக்காமல் மருந்து வாங்கி வருவதும் அதில் சேர்ந்ததுதான். பிள்ளைக்குக் கிடைக்கும் இலவசப் பாடப்புத்தகமும், கர்ப்பிணித் தாய்க்குக் கிடைக்கும் திரிபோஷ சத்துமாப் பைக்கட்டும் அப்படித்தான். நோய், முதுமை, வேலையிழப்பு, பிள்ளைப்பேறு என்று யாருக்கும் வரக்கூடிய கஷ்டத்தை அந்தந்தக் குடும்பத்தின் தலையில் மட்டும் கட்டிவிடாமல், நாடே சேர்ந்து தாங்குவதற்கான ஏற்பாடு அது.

தோட்டத்தில் மரண உதவிச் சங்கம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதில் பாதி விளங்கிவிடும். மாதாமாதம் வீட்டுக்கு ஒரு சிறு தொகை. சாவு விழுந்த வீட்டுக்குச் சங்கம் பெட்டிக்கும் பந்தலுக்கும் காசு கொடுக்கிறது. யார் வீட்டில் எப்போது என்று தெரியாததால்தான் எல்லோரும் கட்டுகிறோம். ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே கிழமையில் சாவு விழுந்தால் சங்கத்துப் பெட்டி காலியாகிவிடும். பெருந்தொற்று கொண்டுவந்தது அந்த மாதிரியான நிலைமை. எல்லா வீட்டு வருமானமும் ஒரே மாதத்தில் நின்றது. அப்படி ஒரு நேரத்தில் தாங்கக்கூடிய பெட்டி அரசாங்கத்திடம் மட்டும்தான் இருக்கிறது. நாளைய வரியை நம்பி இன்று கடன் வாங்கவும், ஒரு பக்கத்து வரியை இன்னொரு பக்கத்துக்குத் திருப்பவும் அதனால்தான் முடியும். அந்தப் பெட்டியும் காலியானால் என்ன நடக்கும் என்பதை நாம் 2022இல் பார்த்தோம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உதவியை எப்படிப் பங்கிடுவது என்பதில் உலகத்தில் மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன.

ஒன்று, சம்பளத்தில் பிடிப்பது. ஜேர்மனியில் பிஸ்மார்க் 1883இல் தொழிலாளருக்கு மருத்துவக் காப்புறுதி கொண்டுவந்தது இந்த வழியில்தான். நம்முடைய ஊழியர் சேமலாப நிதி 1958இல் வந்தது. 2025இல் இருந்த, ஒரு நாளைக்கு 1,350 ரூபாய் என்ற அடிப்படைச் சம்பளத்தில் மாதம் 20 நாள் வேலை செய்தால் 27,000 ரூபாய். அதில் தொழிலாளியிடமிருந்து 8 சதவீதம், அதாவது 2,160 ரூபாய். தோட்டம் போடவேண்டியது 12 சதவீதம், 3,240 ரூபாய். நம்பிக்கை நிதியத்துக்கு இன்னொரு 3 சதவீதம், 810 ரூபாய். கறாராகப் பார்த்தால் சேமலாப நிதி காப்புறுதி இல்லை. அது கட்டாயச் சேமிப்பு. அவரவர் காசு அவரவர் கணக்கில் கிடக்கும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் மொத்தமாக எடுக்கலாம். எடுத்த காசு மகள் கல்யாணத்துக்கோ வீட்டுக்குத் தகரம் போடவோ போய்விடும். அதன் பிறகு 75, 80 வயது வரை மாதாமாதம் வர எதுவும் இல்லை.

இரண்டாவது வழியில் எல்லோருக்கும் உண்டு. நீ ஏழையா என்று யாரும் கேட்பதில்லை. பிரித்தானியாவில் இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1942இல், பெவரிட்ஜ் என்பவர் கொடுத்த அறிக்கையும், 1948 ஜூலையில் தொடங்கிய இலவச சுகாதாரச் சேவையும் இதற்குப் பெயர்போன உதாரணங்கள். அந்த வேலையை இலங்கை அவர்களுக்குப் பின்னால் நின்று செய்யவில்லை. இங்கே அரிசிப் பங்கீடு போர்க்காலத்திலேயே, 1942இல், வந்துவிட்டது. இலவசக் கல்வி 1945இல், இலவச வைத்தியம் 1951இல். பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியதற்கு எதிராக 1953 ஓகஸ்டில் நடந்த ஹர்த்தாலில் அரசாங்கமே ஆடிப்போனது. அதே வருடம் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். எல்லோருக்கும் கிடைத்ததால்தான் அதைத் தொட்டதும் எல்லோரும் தெருவில் இறங்கினார்கள்.

மூன்றாவது, ஏழைகளைத் தேடிப்பிடித்து அவர்களுக்கு மட்டும் கொடுப்பது. 1979இல் உணவு முத்திரை, 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023இல் அஸ்வெசும. கடந்த நாற்பது வருடத்துக்கும் மேலாக நாடு இந்தப் பக்கம்தான் சாய்ந்து வந்திருக்கிறது.

மலையகத்தின் கதை இந்த மூன்றிலும் முழுதாக அடங்காது. இங்கே இன்னொரு ஏற்பாடும் இருந்தது. தோட்டமே அரசாங்கம்.

லயன் காம்பரா (வரிசைவீட்டு அறை) தோட்டத்துடையது. பிள்ளைக் காம்பரா (வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்க்கும் இடம்), டிஸ்பென்சரி, குடிதண்ணீர்ப் பீலி எல்லாம் தோட்டத்துடையவை. தொழிலாளரின் வைத்தியத் தேவையைத் தோட்டத்தின் கடமையாக்கும் சட்டங்கள் 1912இலேயே இருந்தன. 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் வந்தது. துரைமாருக்கு மனம் இளகி இதெல்லாம் நடக்கவில்லை. நோயில் படுத்தவனால் கொழுந்து எடுக்க முடியாது, அவ்வளவுதான். நாட்டின் மற்றப் பகுதிகளில் வாக்குக் கேட்டு வந்தவர்கள் பாடசாலையும் வைத்தியசாலையும் கொடுத்துப் போட்டிபோட்ட காலத்தில், மலையக மக்களின் குடியுரிமை 1948இல் பறிபோனது. அடுத்த வருடம் வாக்கும் போனது. வாக்கில்லாத ஆளிடம் வாக்குறுதி கொடுக்க எவருக்கும் அவசியம் இருக்கவில்லை. அதனால் இலவசக் கல்வி வந்த பிறகும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். அதே 70களின் முற்பகுதியில், 1973–74 உணவுத் தட்டுப்பாட்டின்போது, தோட்டங்களில் பட்டினியால் சாவு விழுந்ததை இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். குடியுரிமைப் பிரச்சினையைப் பெருமளவு தீர்த்த சட்டம் வர 2003 ஆனது.

ஆக, நாட்டில் மற்றவர்களுக்கு அரசாங்கம் கொடுத்ததில் ஒரு பங்கை இங்கே தோட்டம் கொடுத்தது. அதைப் பெற ஒரே தகுதி செக்ரோலில் பேர் இருப்பது. வேலை நின்றால் வீடும் ஆட்டம் காணும்.

செக்ரோலில் எல்லோரும் இருந்த காலத்தில் இது எப்படியோ ஓடியது. இப்போது அப்படி இல்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என்று பதிந்தவர்கள் மட்டும் 8 இலட்சத்து 39 ஆயிரம் பேர். பெருந்தோட்டக் கம்பனிகளில் பதிவுத் தொழிலாளராக இன்று மிஞ்சியிருப்பவர்கள் ஒரு இலட்சத்துச் சொச்சம். மற்றவர்கள் கொழும்பில் கடையில், வீட்டில், கட்டட வேலையில், வெளிநாட்டில், ஆட்டோவில், மரக்கறித் தோட்டத்தில் நாட்கூலிக்கு. ஆனால் குடியிருப்பது அதே லயத்தில்.

கொவிட் வந்து இந்த விரிசலைப் பெரிதாக்கிக் காட்டியது. 2020 மார்ச் 20 அன்று நாடெங்கும் ஊரடங்கு. தேயிலை ஏற்றுமதி நிற்கக் கூடாது என்பதால் தோட்டங்களுக்கு வேலை செய்ய அனுமதி இருந்தது. ஒரு லயன் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா செக்ரோலில் இருக்கிறார், காலையில் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போகிறார், கூலி வருகிறது. அப்பா சேமலாபம் எடுத்து முடித்தவர். மூத்த மகன் புறக்கோட்டைத் துணிக்கடையில் நின்றவன், கடை பூட்டியதும் மலைக்குத் திரும்பிவிட்டான். இளையவன் கொத்தனாருக்குக் கையாள், அவனுக்கும் வேலை இல்லை. ஒருவர் கூலியில் நான்கு வாய். அம்மாவின் பேர் இருப்பதால் இது "வருமானம் உள்ள குடும்பம்". மகன்மாரின் நட்டம் எந்தப் பதிவேட்டிலும் விழவில்லை.

அந்த ஏப்ரலிலும் மே மாதத்திலும் அரசாங்கம் 5,000 ரூபாய் கொடுத்தது. யாருக்குக் கொடுப்பது என்று உடனே தீர்மானிக்க வேண்டியிருந்ததால் கையில் கிடைத்த பட்டியல்களை எடுத்தது. முதலில் சமுர்த்திப் பட்டியல். அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் முன்பொரு காலத்தில் ஏழை என்று குறிக்கப்பட்டவர்கள். முந்தாநாள் வேலையிழந்தவன் அதில் எப்படி இருப்பான்?

இது இலங்கையில் மட்டும் நடந்த கூத்து என்று நினைக்க வேண்டாம். பிரித்தானியா, வீட்டில் இருக்க வைக்கப்பட்ட ஊழியரின் சம்பளத்தில் 80 சதவீதம் வரை, மாதம் 2,500 பவுண் என்ற உச்சவரம்போடு கொடுத்தது. அங்கே சம்பளக் கணக்கு முழுவதும் ஏற்கனவே வரித் திணைக்களத்தின் கணினியில் இருந்ததால் முடிந்தது. பதியாமல் வேலை செய்தவர்கள் அங்கும் தவறிப்போனார்கள். மேற்கு ஆபிரிக்காவின் சிறிய நாடான டோகோ வேறு மாதிரி யோசித்தது. வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு, கைத்தொலைபேசி மூலம் பதியச் சொல்லி, அதன் வழியாகவே காசும் அனுப்பியது. பதிவேடு யாரைக் காட்டுகிறதோ, அவருக்குத்தான் அரசால் உடனே உதவ முடிகிறது. மலையகத்தில் ஆட்களைப் பற்றி நாளாந்தம் எழுதப்படும் ஒரே பதிவேடு செக்ரோல்தான். அதுவும் தோட்ட ஒபிசில் இருக்கிறது, பிரதேச செயலகத்தில் இல்லை.

அப்புறம் அடிமேல் அடி. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. பல தோட்டங்களில் கேட்கும் கிலோவும் கூடியது. குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதி நாள் கூலிதான். அதே வருடம் இரசாயன உர இறக்குமதித் தடையால் கொழுந்து குறைந்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொடும் அளவுக்குப் போனது. கொவிட்டுக்கு முன், 2019இலேயே, அரச புள்ளிவிபரப்படி நாட்டில் வறியவர்கள் 14.3 சதவீதம், தோட்டப் பகுதியில் 33.8 சதவீதம். மூன்றில் ஒருவர் ஏற்கனவே தரையில் இருந்த இடத்தில்தான் இத்தனையும் விழுந்தன. 2022இல் நாடளாவிய வறுமை ஏறத்தாழ இரட்டித்து, நான்கு பேருக்கு ஒருவர் என்ற நிலைக்கு வந்துவிட்டதாக உலக வங்கி கணித்தது.

பெட்டி ஏன் காலியானது? காரணங்கள் பல. கொவிட் வருவதற்குச் சில மாதம் முன், 2019 டிசம்பரில், பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். மற்ற வரிகளையும் குறைத்தார்கள். 2021இல் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்துக்கும் கீழே. இந்த அளவு வரியோடு இலவச வைத்தியம், இலவசக் கல்வி, நிவாரணம் எல்லாவற்றையும் கொடுக்க நினைத்தால் கடன் வாங்க வேண்டும் அல்லது நோட்டு அச்சடிக்க வேண்டும். இரண்டும் நடந்தன. வரியைக் குறைத்தபோது கைதட்டியவர்களில் எத்தனை பேர் அடுத்த வருடம் 5,000 ரூபாய் போதாது என்று சொன்னார்களோ!

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டொலர் திட்டம் வந்தது. சமூகப் பாதுகாப்புச் செலவு ஒரு அளவுக்குக் கீழே போகக் கூடாது என்பதும் அதில் ஒரு நிபந்தனை. அதே காலத்தில் பிறந்ததுதான் அஸ்வெசும. அதை யார் கொண்டுவந்தார்கள் என்பதைவிட, எப்படி வடிகட்டுகிறது என்பதுதான் விளங்கிக்கொள்ள வேண்டியது.

நம் நாட்டில் பெரும்பாலானோருக்குச் சம்பளத் துண்டு இல்லை. அதனால் வருமானத்தைக் கேட்காமல், கண்ணுக்குத் தெரிவதைக் கேட்டு வறுமையை ஊகிக்கிறார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு தலைப்புகளில் 22 அளவுகோல்கள். கணினி புள்ளி போட்டுக் குடும்பங்களை நான்கு படிகளில் நிறுத்துகிறது. தொடக்கத்தில் மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய். 2025 ஜனவரியிலிருந்து மேல் இரண்டு படிகள் 10,000, 17,500 ஆயின.

இந்தக் கேள்விகள் லயத்துக்குள் வரும்போது என்னாகிறது? கல்யாணமான மகன் பின்பக்கம் தகரம் அடித்து இறக்கிய குசினியில் தனியே உலை வைக்கிறான். அது ஒரு குடும்பமா, இரண்டா? ஒரே மீற்றரில் இரண்டு குடும்பம் கரண்ட் எடுத்தால் யாருடைய பாவனை அது? சுவர் கல்லில் கட்டியது, கூரை தகரம், வெள்ளைக்காரன் காலத்தது, யாருக்கும் காணி உறுதிப் பத்திரம் இல்லை. அது வீடு உள்ளவனா, இல்லாதவனா? ஒரே தோட்டத்து முகவரியில் நூறு குடும்பம் இருக்கையில் கடிதம் யார் கைக்குப் போய்ச் சேரும்? பெப்ரவரி, மார்ச் வறட்சியில் மேற்குச் சரிவில் கொழுந்து சுருங்கி வேலை நாள் குறையும். மழை பிடித்ததும் கூடும். கணக்கெடுக்க வந்தவர் எந்த மாதத்தில் வந்தார் என்பதைப் பொறுத்து வருமானம் மாறும்.

பொருளியலாளர்கள் இதில் இரண்டு வகைப் பிழை சொல்வார்கள். கிடைக்க வேண்டியவர் விடுபடுவது ஒன்று. வேண்டாதவர் உள்ளே வந்துவிடுவது மற்றது. வேண்டாதவர் நுழையக் கூடாதென்று வாசலைச் சிறிதாக்கினால் வேண்டியவர்களும் வெளியே நிற்பார்கள். முதல் பட்டியல் வந்ததும் இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தது அதனால்தான். என்னைக் கேட்டால், வசதியுள்ள நாலு பேர் சேர்வதால் வரும் நட்டம் பெரிதில்லை. ஒரு கைம்பெண் விடுபடுவது அதைவிட மோசம். ஆனால் அரசியலில் சத்தம் எழுவது வசதியுள்ளவர் சேர்ந்ததற்குத்தான்: "மாடிவீட்டுக்காரனுக்கும் அஸ்வெசுமவாம்!"

சரி, இனி என்ன?

ஒரு பேச்சு, எல்லோருக்கும் மாதாமாதம் நிபந்தனையில்லாத அடிப்படை வருமானம் கொடுப்பது. பின்லாந்து 2017, 2018இல் வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ கொடுத்துப் பரீட்சித்துப் பார்த்தது. கொவிட்டுக்குப் பிறகு இந்த யோசனை எல்லா நாட்டிலும் அடிபடுகிறது. நமக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2024 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் 2 கோடியே 17 இலட்சம் பேர். ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய் என்றால் வருடத்துக்குச் சுமார் 1 இலட்சத்து 30 ஆயிரம் கோடி ரூபாய். 2024இல் அரசாங்கத்துக்கு வந்த மொத்த வருமானமே ஏறத்தாழ 4 இலட்சம் கோடி. மூன்றில் ஒரு பங்கு இதற்கே போய்விடும். கடன் கட்டும் நாட்டுக்கு இது நடக்கிற காரியம் இல்லை.

வயதை வைத்துக் கொடுப்பது இன்னொரு யோசனை. நேபாளம் 1990களின் நடுவிலிருந்து, அரசு ஓய்வூதியம் இல்லாத முதியவர்களுக்கு வசதி பார்க்காமல் உதவித்தொகை கொடுத்துவருகிறது. இங்கே 65 வயதைத் தாண்டியவர்கள் 2012இல் 7.9 சதவீதம், 2024இல் 12.6 சதவீதம். அவர்கள் எல்லோருக்கும் அதே 5,000 ரூபாய் கொடுத்தால் வருடத்துக்குச் சுமார் 16,500 கோடி. சின்னத் தொகை இல்லை, ஆனாலும் யோசிக்கக்கூடியது. 22 அளவுகோல் தேவையில்லை, அடையாள அட்டை போதும். இப்போதும் 70 வயது கடந்தவர்களுக்கு உதவித்தொகை உண்டு. ஆனால் வருமானம் குறைவு என்று காட்ட வேண்டும். மறுபடியும் படிவம், மறுபடியும் ஒபிஸ் வாசல்.

வாசலைப் பெரிதாக வைப்பது மூன்றாவது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரிலிருந்து கொடுக்கப்படும் மகளிர் உரிமைத் தொகையிலும் வருமானம், காணி, மின்பாவனை என்று வரம்புகள் உண்டு. ஆனால் வரம்பை உயரத்தில் வைத்ததால் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் உள்ளே வந்தார்கள். மிக ஏழை யார் என்று தேடுவதும், வசதியானவரை மட்டும் விலக்குவதும் ஒன்றல்ல. இரண்டாவதில் விடுபடுபவர்கள் குறைவு.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். 2026 வரவு செலவுத் திட்டத்தில் தோட்ட நாட்சம்பளம் 1,550 ரூபாய் ஆகும் என்றும், அதற்கு மேல் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அரசாங்கமே 200 ரூபாய் கொடுக்கும் என்றும் அறிவித்தார்கள். தனியார் கம்பனித் தொழிலாளியின் நாட்கூலியில் ஒரு பங்கு அரச கஜானாவிலிருந்து! கொழுந்து எடுக்கிறவர்களுக்கு அது வேண்டிய காசு, வேண்டாமென்று யார் சொல்வார்? ஆனால் அதுவும் பேர் விழுந்த நாளுக்குத்தான். காய்ச்சலில் படுத்த நாளுக்கு இல்லை, செக்ரோலில் இல்லாத மகனுக்கு இல்லை. அரசாங்கம் தோட்டத்துக்குள் வந்தபோதும் தோட்டத்தின் கதவு வழியாகத்தான் வந்திருக்கிறது. அரசாங்கத்தின் பாதுகாப்பு வேலையில் ஒட்டாமல் ஆளில் ஒட்ட வேண்டும் என்பதுதான் என் கட்சி. கொவிட்டுக்குப் பிறகான நலன்புரி அரசைப் பற்றி உலகம் பேசும் பேச்சிலும் முக்கால்வாசி இதுதான். ஓட்டோ ஓட்டுபவனும் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவனும் யாருடைய செக்ரோலிலும் இல்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைகளைச் சரித்தபோதும் இதே கேள்விதான் வந்தது. வீடிழந்தவருக்கு வீடு என்றால், உறுதி இல்லாத லயன் காம்பரா யாருடைய வீடு?

காசு எங்கே என்று கேட்பவர்களுக்கு: "வரி கட்டாதவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?" என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவைக்கலாம். 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 சதவீதம். சவர்க்காரம் வாங்கும்போதும் போனுக்கு ரீலோட் போடும்போதும் கொழுந்தெடுக்கும் அம்மாவும் வரி கட்டுகிறார். கம்பனி முதலாளி வாங்கும் சவர்க்காரத்துக்கும் அதே வீதம்தான். வருமானத்தில் பெரும்பங்கைக் கடையிலேயே செலவழிப்பவரின் தோளில் இந்த வரி கூடுதலாக அழுத்தும். நேரடி வரியைக் கூட்டிச் சேர்க்காமல் எந்தத் திட்டமும் நீண்டநாள் ஓடாது.

அதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். இப்போதைக்கு வீட்டில் செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. செக்ரோலில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பேர் என்று இருக்கிற பெரியவர்கள் நம்மில் ஏராளம். சேமலாபம் எடுக்கப் போகும்போதுதான் அது தெரியவரும், பிறகு மாதக்கணக்கில் அலைச்சல். வேலையில் இருக்கும்போதே சேமலாபப் பதிவையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எழுத்து மாறியிருந்தால் தோட்ட ஒபிசில் எழுதிக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். தனியே உலை வைக்கும் மகன் குடும்பம் கிராம உத்தியோகத்தரிடம் தனிக் குடும்பமாகப் பதிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அடுத்த முறை பட்டியல் எடுக்கும்போது அங்கிருந்துதான் எடுப்பார்கள்.